பூஸ்ட் ஏறினால் டிப்ஸ்டிக் ஏன் எகிறுகிறது?

கீழக்கரையிலிருந்து: பழைய பெட்ரோல் காரில் சூப்பர்சார்ஜர் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பம்ப்) போட்டேன். முழுசாக மிதித்தால் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் எகிறுகிறது, பானட் உள்பக்கமெல்லாம் ஆயில். பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக்.

அவசரப்படாதீர்கள். முதலில் பிசிவி வால்வைக் (இன்ஜின் அடியில் சேரும் கேஸை மேனிஃபோல்டுக்கு விடும் வால்வு) கழற்றுங்கள். ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கேஸ் கீழே இறங்குவது எல்லா இன்ஜினிலும் உண்டு. பட்டறையில் பேக் கம்ப்ரஷன் என்பது அதைத்தான். சாதாரண காரில் மேனிஃபோல்ட் (சிலிண்டருக்குக் காற்று போகும் குழாய்) அதை உறிஞ்சும், இன்ஜின் எரித்துவிடும். சூப்பர்சார்ஜர் வந்த பிறகு, மிதிக்கிற நேரத்தில் அங்கே உறிஞ்சல் இல்லை, அழுத்தம்தான். வால்வு சரியாக மூடாவிட்டால் அந்த அழுத்தம், அதாவது பூஸ்ட், நேரே கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதி) இறங்கி, டிப்ஸ்டிக்கையும் ஆயில் சீலையும் தள்ளும்.

வால்வைத் துடைத்து, சுத்தமான டியூப் மாட்டி ஊதிப் பாருங்கள் (உறிஞ்சிவிடாதீர்கள்). இன்ஜின் பக்கமிருந்து ஊதினால் காற்று போகணும், மேனிஃபோல்ட் பக்கமிருந்து ஊதினால் நிற்கணும். இரண்டு பக்கமும் போனால் குற்றவாளி அதுதான். புது வால்வோடு, பூஸ்ட் தாங்கும் ஒருவழி வால்வு ஒன்றையும் அதே லைனில் போடுங்கள்.

அப்புறம் வால்வு மூடியிருக்கும் நேரத்தில் கேஸ் எங்கே போகும்? இன்ஜின் மேலே உள்ள டேப்பட் கவரிலிருந்து இன்னொரு ஓஸ், ஏர் ஃபில்டருக்கும் சூப்பர்சார்ஜருக்கும் நடுவே போகணும். மிதிக்க மிதிக்க அங்கே இலேசான உறிஞ்சல் இருக்கும். ஏர்ஃப்ளோ சென்சார் இருந்தால் அதைத் தாண்டித்தான் சேர்க்கணும். பழைய மெல்லிய ஓஸ் போதாது. நானாக இருந்தால் 19 மி.மீ. போடுவேன். நடுவில் ஒரு கேட்ச் கேன் (ஆயில் ஆவியைப் பிடித்து வைக்கும் டப்பா) கட்டாயம். ஆயில் ஆவி பெட்ரோலோடு கலந்தால் நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக எரிந்து தட்டும் சத்தம்) வரும், பூஸ்ட் காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலர் இருந்தால் அதன் உள்ளே பிசுக்கு படியும்.

இத்தனைக்குப் பிறகும் எகிறினால் லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டரில் காற்றை அடைத்துக் கசிவைப் பார்ப்பது) எடுங்கள். அதிலும் தோற்றால் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

தங்கச்சிமடத்திலிருந்து: கேட்ச் கேனில் ஆயிலுக்குப் பதில் மோர் மாதிரி வெள்ளையாக வருகிறது. கேஸ்கெட் போய்விட்டதா?

கூலன்ட் குறைகிறதா? குறையவில்லை என்றால் பயமில்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங் வழியாக இறங்கும். நீங்கள் பாம்பன் வரை போய்த் திரும்புகிறவர் என்றால் ஆயில் சூடேறி அதை விரட்ட நேரமே கிடைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கேனை வாரம் ஒருமுறை வடியுங்கள். மாதம் இரண்டு தடவையாவது மதுரைப் பக்கம் நீளமாக ஓட்டுங்கள். வடித்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள். ஊற்றினவரைப் பார்த்திருக்கிறேன்!

மண்டபத்திலிருந்து: விசைப்படகில் பிரீதர் பைப்பை (கிராங்க்கேஸ் கேஸ் வெளியேறும் குழாய்) வெளியே விட்டுவிடுகிறோம். காரிலும் அப்படி விட்டால் என்ன?

படகில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், வாடை தெரியாது. காரில் ஏசி அதை உள்ளே இழுத்துவிடும். பாரத் ஸ்டேஜ் புகை விதிப்படி இந்தக் கேஸை வெளியே விடவும் கூடாது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் பைப் வாயில் மணலும் உப்பும் ஏறும். ரேஸ் காருக்கு வேண்டுமானால் சரி.

தொண்டியிலிருந்து: காலி டப்பாவில் கேட்ச் கேன் செய்யலாமா?

செய்யலாம். ஆனால் வெறும் டப்பாவில் ஆவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே போய்விடும். நடுவில் ஒரு தடுப்புத் தகடு, ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரப்பர், அது நகராமல் ஓட்டைத் தகடு வைக்கணும். தண்ணீர் ஓஸ் வேண்டாம், ஆயில் பட்டால் ஊறி மடங்கிவிடும்.