சீதன மரணம்: அனுமானம் எப்போது உதவும்? வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்

சென்னையில் கட்டிக்கொடுத்த என் தங்கை மூன்றாம் வருடமே தீக்காயத்தோடு இறந்துவிட்டாள். கணவன்தான் குற்றவாளி என்று சட்டமே எடுத்துக்கொள்ளுமாமே? (வெள்ளவத்தை)

என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் அப்படி நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சீதன மரணத்துக்கென்று வந்த 304பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 80ஆம் பிரிவு. திருமணமாகி 7 ஆண்டுக்குள் இயல்புக்கு மாறான மரணம், சாவுக்குச் சற்று முன்னர் கணவனோ அவன் உறவினரோ சீதனம் கேட்டுச் செய்த கொடுமை: இவற்றை அரசுத் தரப்பு முதலில் காட்ட வேண்டும். காட்டிவிட்டால், சாவுக்குக் காரணம் அவர்தான் என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும். மறுக்கும் பாரம் எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், தலையில். தண்டனை 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

“சற்று முன்னர்” என்பதில்தான் வழக்கு தடுக்கி விழும். சாவுக்கு முதல் நாளே கொடுமை நடந்திருக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தால் போதும் என்று 2021இல் சத்பீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே தங்கையின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள், நீங்கள் காசு அனுப்பிய வங்கிச் சீட்டுகள் ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

மாமி, மச்சாள் எல்லாரையும் சேர்க்கலாமா? (தெஹிவளை)

உறவினரும் அடக்கம்தான். ஆனால் யார், எப்போது, என்ன கேட்டார் என்று ஆளாளுக்குச் சாட்சியம் வேண்டும். கோபத்தில் குடும்பத்தையே இழுத்தால் உண்மையாகக் கொடுமை செய்தவருக்கு எதிரான சாட்சியமும் பலவீனமாகும்.

ஒன்பதாம் வருடத்தில் நடந்தால்? (பம்பலப்பிட்டி)

80ஆம் பிரிவு பொருந்தாது. கொலை, தற்கொலைக்குத் தூண்டுதல், 85ஆம் பிரிவின் கொடுமைக் குற்றம் எல்லாம் அப்படியே இருக்கும்.

இதே கொழும்பில் நடந்தால்? (கொட்டாஞ்சேனை)

இங்கே சீதன மரணம் என்ற தனிக் குற்றமும் இல்லை, அந்த அனுமானமும் இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் 296 கொலை, 299 தற்கொலைக்கு உடந்தை. இரண்டையும் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டும். அதனால் திடீர் மரண விசாரணையிலேயே சீதனத் தகராறைச் சொல்லிவிடுங்கள். குடும்ப மானம் என்று மறைத்துவிட்டுப் பிறகு சொன்னால், அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை என்று எதிர்த்தரப்புக் கேட்கும்.

மகளை அடிக்கிறான். அனுசரித்துப் போகச் சொல்கிறோம். (மட்டக்குளி)

தயவுசெய்து திருப்பி அனுப்பாதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்; மனரீதியான கொடுமைக்கும் கிடைக்கும். காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள், பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். அவசரமென்றால் பெண்களுக்கான உதவி இலக்கமான 1938க்கு அழையுங்கள்.