பாட்டி வீட்டுப் பிள்ளையிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் தொண்டூழியராக இருக்கிறேன். தாத்தா பாட்டி, அத்தை, மாமா வீடுகளில் வளரும் பிள்ளைகளைப் பற்றிச் சிறு ஆய்வு செய்யப்போகிறோம். கேள்வித்தாள் தயார். பிள்ளைகளையும் அக்கம்பக்கத்தாரையும் எப்படிச் சேர்ப்பது?

பதில்: கேள்வித்தாள் தயார் என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அதன் பிறகு வரும் பிள்ளைக்குப் பதில் சொல்வதைத் தவிர வேலை இல்லை. பிள்ளைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை 8 படி ஏணியாகக் காட்டினார். கீழே இருக்கும் 3 படிகளை அவர் பங்கேற்பாகவே கருதவில்லை.

தாளைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இப்படி வளர்ந்து, இப்போது பதினெட்டு இருபது வயதில் இருக்கும் சிலரை முதலில் கூப்பிடுங்கள். எந்தக் கேள்வி எரிச்சலூட்டும் என்று அவர்களே சொல்லட்டும். “அம்மா அப்பா எங்கே?” என்பதைத்தான் முதலில் கோடு போட்டு அடிப்பார்கள் என்பது என் ஊகம். சின்னப் பிள்ளைகளிடம் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, காய்ச்சல் வந்தால் யார் விழித்திருப்பார், பள்ளிப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுவார் என்று வரையச் சொல்லலாம்.

அப்புறம் சம்மதம். சிக்கலே இதில்தான். வளர்க்கும் பாட்டி சட்டப்படி பாதுகாவலராக இல்லாமல் இருக்கலாம். அவர் கையெழுத்து போதுமா என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவிடம் முன்பே கேளுங்கள். பிள்ளையின் சம்மதம் தனி. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்தப் பிள்ளையும் ‘வேண்டாம்’ என்று சொல்லாது. ஒரு சிவப்பு அட்டை கொடுங்கள், தூக்கினால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும். கலந்துகொள்வதற்குக் கடைப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருவதாக இருந்தால், பாதியில் எழுந்து போகிறவருக்கும் உண்டு.

‘ஏதாவது சொன்னால் என்னை இங்கிருந்து அனுப்பிவிடுவார்களோ’ என்ற பயம் சில பிள்ளைகளுக்கு உள்ளூர இருக்கும். அதைப் போக்குவதற்காக, எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். யாராவது உன்னைத் துன்புறுத்தினால் நான் இன்னாரிடம் சொல்லியாக வேண்டும் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். அந்த ‘இன்னார்’ யார் என்பதைக் குடும்பச் சேவை நிலையத்தோடு பேசி முடிவுசெய்யுங்கள்.

நம் தமிழ்ச் சமூகம் சிறியது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ‘புளோக்கின் கீழே பூக்கட்டும் பாட்டி’ என்று எழுதினால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா வரை தெரிந்துவிடும்.

பாட்டிகளிடம், ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் ‘உறவினர் பராமரிப்பு’ என்ற சொல்லையே எடுக்காதீர்கள். என் பேரனை நான் வளர்ப்பதற்கு இப்படி ஒரு பெயரா என்பார்கள், நியாயம்தான். அறிக்கை அச்சாகும் முன் கீழ்த்தளத்தில் தேநீரோடு உட்கார்ந்து அவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு வசதியான மொழி ஆங்கிலம் என்றால் அதிலேயே தனியாக. தங்களைப் பற்றிய எந்த வரியை நீக்கச் சொன்னாலும், காரணம் கேட்காமல் நீக்கிவிடுங்கள்.