அரசு டெண்டரில் ‘ஆயுட்காலச் செலவு’ என்றால் என்ன?

ஒரு பொருளின் விலையோடு, அது ஓடும் காலம் முழுக்க ஆகும் மின்கட்டணம், பழுதுபார்ப்பு, கடைசியில் அப்புறப்படுத்தும் செலவு எல்லாம் சேர்ந்ததே ஆயுட்காலச் செலவு. பைக் வாங்கும்போது விலையோடு மைலேஜும் கேட்கிறோமே, அதே கணக்குதான்.

சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்; பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 28 வாட். அலுவலகத்தில் நாளுக்கு 10 மணி நேரம், வருடத்தில் 250 நாள் ஓடினால் மிச்சம் 117 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் சுமார் 940 ரூபாய். விலை 1,500 ரூபாய் கூடுதல் என்றாலும் இரண்டு வருடத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

அப்படியும் ஏன் பழைய ஃபேனே வாங்கப்படுகிறது? வாங்கும் பணம் ஒரு கணக்குத் தலைப்பு, மின்கட்டணம் இன்னொன்று. வாங்குகிறவர் கண்ணில் கரண்ட் பில் படுவதே இல்லை. டெண்டரில் ‘மின் சிக்கனமானது’ என்று மட்டும் எழுதுவது இன்னொரு கோளாறு. அதை வைத்து யாரையும் நிராகரிக்க முடியாது. அதிகபட்ச வாட், குறைந்தபட்சக் காற்றளவு, உத்தரவாத ஆண்டுகள் என எண்ணாகவே எழுத வேண்டும். காற்றளவை விட்டுவிட்டால், வாட் குறைவாகவும் காற்றே வராததாகவும் ஒரு ஃபேன் வந்து இறங்கும்.

‘விலை குறைந்தவருக்கே, அதாவது எல்1-க்கே தர வேண்டும், ஆகவே இதெல்லாம் நடக்காது’ என்பது தவறான எண்ணம்: தொழில்நுட்ப நிபந்தனையில் தேறியவர்களுக்குள்தான் எல்1 பார்க்கப்படும், மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் 173ஆம் விதியே அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களுக்குக் குறைந்தபட்ச மின்சிக்கன ஸ்டார் தகுதியைக் கேட்கிறது.