ரிவியேராவா, தண்டர்பேர்டா? கேள்வி பதில்

கேள்வி: 1965 பியூக் ரிவியேரா, 1965 ஃபோர்டு தண்டர்பேர்டு, இரண்டில் முதல் கலெக்‌ஷன் காராக எதை வாங்கலாம் சார்?

பதில்: ஓட்டுவதற்கு ரிவியேராதான். தனிச் சட்டத்தின் (ஃபிரேம்) மேல் உட்காரும் உடல், வளைவில் தண்டர்பேர்டை விட நிதானம். ஆனால் திறந்த கூரை வேண்டுமென்றால் தண்டர்பேர்டைத் தவிர வழியில்லை. ரிவியேராவில் கன்வெர்ட்டிபிள் வரவே இல்லை. பிரேக்கிலும் தண்டர்பேர்டு ஒரு படி மேல்: 1965 முதல் முன்சக்கரங்களில் டிஸ்க். ரிவியேராவில் நான்கும் டிரம். இரண்டிலும் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் பாகம்) ஒற்றை அறை என்பதை மறக்காதீர்கள். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். வாங்கியதும் ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் சாலையில் இறக்க வேண்டும்.

கேள்வி: ஒரு 1965 ரிவியேராவின் ஏர் கிளீனரில் 'வைல்ட்கேட் 465' என்று இருக்கிறது. இதை கிரான் ஸ்போர்ட் (ரிவியேராவின் கூடுதல் திறன் கொண்ட வகை) என்று சொல்லி விற்கிறார்கள், நம்பலாமா?

பதில்: அதை வைத்து நம்பாதீர்கள். 465 என்பது டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை), இன்ஜின் அளவு அல்ல. 401 கன அங்குல இன்ஜினில் 445 என்றிருக்கும். ஒற்றைக் கார்புரேட்டர் போட்ட 425-க்கும் 465-தான். உண்மையான 1965 கிரான் ஸ்போர்ட்டில் இரண்டு கார்டர் ஏஎஃப்பி கார்புரேட்டர், 360 குதிரைத்திறன், 3.42 விகித லிமிடெட் ஸ்லிப் ஆக்ஸில் (ஒரு பின்சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கு விசை போகும் அமைப்பு) இருக்கும். இன்ஜின் பிளாக்கில் எல்எக்ஸ் (LX) என்ற முத்திரையைத் தேடுங்கள். கார்புரேட்டர்களைப் பிறகுகூட மாட்டிவிடலாம்.

கேள்வி: தண்டர்பேர்டில் துருவை எங்கே பார்ப்பது?

பதில்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இதற்குத் தனிச் சட்டம் கிடையாது, தரையே சட்டம். காரை லிஃப்டில் ஏற்றி டார்க் பாக்ஸ் (தரையை வலுப்படுத்தும் பெட்டிப் பகுதி), ராக்கர் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி), பின் ரெயில் (பின்பக்கத்தின் அடியில் ஓடும் தாங்கு பகுதி) மூன்றையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பிறகு முன் கண்ணாடியின் கீழுள்ள கவுல் (காற்று உள்ளே போகும் பள்ளமான பகுதி) துளைகளில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சொட்டினால் கவுல் ஓட்டை. அந்த வேலைக்கு முன்பக்கத்தையே பிரிக்க வேண்டிவரும். கதவைத் திறந்ததும் கீழே தொங்கினால் கீலை மட்டும் குறை சொல்லாதீர்கள், உடலே வளைந்திருக்கலாம். இவற்றில் இரண்டு தேறவில்லை என்றால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

கேள்வி: என் தண்டர்பேர்டில் வைப்பர் மெதுவாக ஓடுகிறது, கவுல் பக்கம் எண்ணெய் கசிகிறது.

பதில்: அந்த வைப்பர் மோட்டார் பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடுவது. கசிவை விட்டுவைத்தால் ஸ்டீயரிங்கும் கனக்கும். முதலில் பவர் ஸ்டீயரிங்குக்கு ஊற்றும் டைப் எஃப் எண்ணெயின் அளவைப் பாருங்கள், பிறகு ஹோஸ்களை மாற்றுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் மோட்டாரின் சீல்.

கேள்வி: 1966 தண்டர்பேர்டில் 428 கன அங்குல இன்ஜின் உண்மையானதா என்று எப்படித் தெரியும்?

பதில்: டிரைவர் கதவின் ஓரத் தகட்டில் வண்டி எண்ணின் ஐந்தாவது எழுத்து க்யூ (Q) என்றால் 428, இசட் (Z) என்றால் 390. அதற்கு முந்தைய 85 என்ற எண் கன்வெர்ட்டிபிளைக் குறிக்கும், 83 ஹார்ட்டாப்.

கேள்வி: 1963 ரிவியேரா மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். அதில் இருப்பது பழைய டைனாஃப்ளோ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். அதற்கு மாற்றாக 1964-இல்தான் சூப்பர் டர்பைன் 400 கியர்பாக்ஸ் வந்தது. அதை 1963-க்கு மாற்றிப் போடாதீர்கள், அசல் தன்மை போய்விடும்.