டிராகன் முதுகில் சேணம் கட்டினால் வீரம் குறையுமா?

ரெபெக்கா யாரோஸ் எழுதி 2023இல் வெளிவந்த ‘ஃபோர்த் விங்’ நாவலின் நாயகி வயலட், மற்ற வீரர்களுக்கு இல்லாத சேணத்தின் துணையோடு டிராகனில் பறப்பது ஒருவகைச் சலுகைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதைக்குள் பெயர் சொல்லப்படாத அவளது குறைபாடு, தமக்கும் உள்ள எலர்ஸ்-டான்லோஸ் நோய்க்குறியே என்று ஆசிரியர் கூறியிருக்கிறார். இணைப்புத் திசு உறுதியாக அமையாததால், மற்றவர்களுக்குச் சுளுக்கோடு போகும் அசைவில் இத்தகையோருக்கு மூட்டே நழுவிவிடக்கூடும். பறக்கும் விலங்கைத் தொடைகளால் இறுக்கிப் பிடிப்பது, துணிச்சல் எவ்வளவு இருந்தாலும், அந்த உடலுக்கு ஆகாத காரியம்; சேணம் அந்த ஒரு வேலையை மட்டுமே ஏற்றுக்கொள்கிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரத்து நடைபாதைகளில், புடைப்புக் கோடுகளின்மேல் வெள்ளைக்கோல் உரச நடப்பவரை யாரும் சலுகையில் நடக்கிறார் என்பதில்லை. (அக்கோடுகளை மறித்து மோட்டார் சைக்கிளை நிறுத்துபவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

நாவலில் நான் காணும் குறை வேறு: வயலட்டின் காயங்களை மந்திர ஆற்றலால் சீராக்கிவிட ஆள் இருப்பதால், வலியோடு கழியும் நீண்ட நாள்களின் சலிப்பு சில இடங்களில் கதைக்குள் வராமலே போய்விடுகிறது.