‘வை’யும் ‘கட்டு’ம்: ஆங்கில வினைச்சொற்கள் பற்றிய வாசகர் ஐயங்கள்

கேள்வி: ‘சாவியை மேசைமேல் வைத்தேன்’ என்பதற்கு ‘ஐ கெப்ட் த கீ ஆன் த டேபிள்’ என்று என் மகள் எழுதியதை ஆசிரியை அடித்துவிட்டார். பிழை என்ன? (அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: ஆசிரியை அடித்தது சரிதான். நம் ‘வை’ என்னும் வினை, ஒரு பொருளைக் கையிலிருந்து இறக்குவதையும் அதை ஓரிடத்தில் தொடர்ந்து இருக்கச் செய்வதையும் சேர்த்தே சுமக்கிறது; ஆங்கிலமோ இறக்குகிற அந்தக் கணத்துக்கு ‘புட்’ என்றும், இருத்தி வைக்கிற காலத்துக்கு ‘கீப்’ என்றும் பிரித்துக்கொள்கிறது. கடைக்குப் போய்வந்து சாவியை மேசைமேல் போட்டால் ‘புட்’. சாவிக்கு எப்போதும் அந்த மேசைதான் இடம் என்றால் ‘கீப்’. நான் வேலையில் சேர்ந்த புதிதில், விடைத்தாள்களைத் தலைமையாசிரியரின் மேசையில் ‘கெப்ட்’ என்று சொல்லப்போக, ‘எத்தனை நாளைக்கு?’ என்று அவர் கேட்டார். அன்றுதான் எனக்கே இது உறைத்தது. ‘பிளேஸ்’ என்பதும் வைப்பதுதான், ஆனால் இடம் பார்த்துப் பதமாக வைப்பது: பையைத் திண்ணையில் வைப்பதற்கு ‘புட்’ போதும், கொலுப்படியில் பொம்மையை வைப்பதற்கு ‘பிளேஸ்’ பொருந்தும்.

கேள்வி: பாயைக் கீழே போட்டாலும் ‘லே’, பாயில் படுத்தாலும் ‘லே’ என்கிறார்களே? (பத்தமடை வாசகி)

பதில்: இவை தமிழின் ‘கிடத்து’, ‘கிட’ போன்ற இணை. கிடத்துவது ‘லே’, அதன் இறந்தகாலம் ‘லெய்ட்’. கிடப்பது ‘லை’, அதன் இறந்தகாலம்தான் ‘லே’. ஆகவே, நேற்று உங்கள் ஊர்க் கோரைப்பாயைத் தரையில் போட்டது ‘லெய்ட்’, அதில் படுத்தது ‘லே’. ‘எதை?’ என்று கேட்டு விடை கிடைத்தால் முதல் வினை, கிடைக்காவிட்டால் இரண்டாவது.

கேள்வி: ‘ஹங்’, ‘ஹேங்டு’ எது சரி? (கோவில்பட்டி வாசகர்)

பதில்: சட்டையை ஆணியில் மாட்டியிருந்தால் ‘ஹங்’. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதைச் சொல்ல ‘ஹேங்டு’.

கேள்வி: பூ கட்டுவதற்கும் மாட்டைக் கட்டுவதற்கும் ‘டை’ ஒன்றேதானா? ‘ஃபாஸன்’, ‘அட்டாச்’ எங்கே வரும்? (சங்கரன்கோவில் வாசகி)

பதில்: கயிறோ நூலோ நாரோ முடிச்சு விழுகிற இடமெல்லாம் ‘டை’தான், பீடி சுற்றுகிறவர்கள் இலையைச் சுருட்டி நூலால் இறுக்குவதும் அதுவே. பூவில் மட்டும் சற்றுக் கவனம் வேண்டும்: இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்து வாழைநாரில் முடிந்தால் ‘டை’, ஊசியில் கோத்தால் ‘ஸ்ட்ரிங்’. சேலை கட்டுவதற்கும் பணம் கட்டுவதற்கும் இந்த வினையை இழுத்துக்கொண்டு போகக்கூடாது.

‘ஃபாஸன்’ என்பதில் முடிச்சு இருக்கவேண்டியதில்லை; பொத்தான், கொக்கி, இருக்கைவார் என எதனாலும் கழன்றுவிடாதபடி பூட்டுவதைக் குறிக்கும். அதன் உள்ளே இருக்கும் ‘ஃபாஸ்ட்’, விரைவு என்ற பொருளுடையது அன்று, உறுதி என்ற பொருளுடையது. ஜவுளிக்கடையில் ‘சாயம் கெட்டி’ என்கிறோமே, அந்தக் கெட்டி. ‘ஃபாஸன்’ என்று சொல்லும்போது மட்டும், எழுத்தில் உள்ள ‘ட்’ ஒலியை உச்சரிப்பதில்லை.

ஒன்றோடு இன்னொன்றை இணைப்பது ‘அட்டாச்’. விண்ணப்பத்தோடு சான்றிதழ் நகலைக் குத்தி அனுப்பினால் இதை எழுதலாம்; குத்தாமல் அதே உறைக்குள் வைத்தால் ‘என்க்ளோஸ்’ என்பதே பொருத்தம். மின்னஞ்சலுக்கு உறை கிடையாது என்பதால் அங்கே ‘அட்டாச்’ என்றே எழுதுங்கள்.