அமெரிக்காவில் எங்கள் நகராட்சி வீட்டுப் பராமரிப்பு விதிகளைப் புதுப்பித்து, வாடகை வீடுகளை ஆய்வு செய்யப் போகிறதாம். குடியிருப்பவருக்கு நன்மையா, தொல்லையா?

வாடகைக்கு இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நன்மைதான். ஆனால் விதிகளைப் புதுப்பிப்பது வேறு, ஆய்வுக்கு ஆள் அனுப்புவது வேறு. முதலாவதைப் பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம்.

அங்கே பல நகரங்கள் இந்த விதிகளைத் தாமாக உட்கார்ந்து எழுதுவதில்லை. கட்டட விதிகளுக்கு மாதிரி எழுதித் தரும் இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் என்ற அமைப்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் மாதிரித் தொகுப்பை எடுத்து, சில திருத்தங்களோடு நிறைவேற்றிவிடுவார்கள். 2018, 2021, 2024 என்று பதிப்புகள் வந்திருக்கின்றன. சில இடங்களை ஊரே நிரப்பிக்கொள்ளட்டும் என்று அதில் காலியாக விட்டிருப்பார்கள்: முற்றத்துப் புல் எத்தனை அங்குலம் வளரலாம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை ஹீட்டிங் தர வேண்டும் என்பது மாதிரி. (புல்லின் உயரத்துக்காக நடக்கும் வாக்குவாதம் தனிக் கதை.) மற்றபடி ஹீட்டிங் தரும் காலத்தில் அறைக்குள் குறைந்தது 68 டிகிரி பாரன்ஹீட், வெந்நீர் குறைந்தது 110 டிகிரி போன்ற அடிப்படைகள் பழையவைதான்.

விஷயமே ஆய்வில்தான் இருக்கிறது. புகார் வந்தால்தான் இன்ஸ்பெக்டர் வருவார் என்றால் பாதி வீடுகளுக்கு அவர் வரவே மாட்டார். புகார் கொடுத்தவரைப் பழிவாங்கி வெளியேற்றக் கூடாது என்று பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இருக்கிறது. சரி, ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அதை நம்பி யார் வாய் திறப்பார்கள்? இன்னொன்று, பழகிப்போன குறை நம் கண்ணுக்கே தெரியாது. நான் முன்பு இருந்த வீட்டில் படுக்கையறை ஜன்னலைத் தூக்கினால் நிற்காது. ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம். ஆய்வுக்கு வந்தவர் கட்டையை உருவினார், ஜன்னலைத் தூக்கிக் கையை விட்டார். தடாலென்று விழுந்தது. ஜன்னல் சுலபமாகத் திறக்க வேண்டும், முட்டு இல்லாமல் தானாக நிற்க வேண்டும் என்பது விதி. தீப்பிடித்தால் அந்த அறையிலிருந்து வெளியேற இருந்த இன்னொரு வழி அது ஒன்றுதான். அப்புறம் சமையலறை பிளக் பாயிண்ட்டில் ஒரு சின்ன டெஸ்டரைச் செருகிப் பார்த்தார். ஸ்மோக் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கத்தில் தயாரிப்புத் தேதியைப் படித்தார். பத்து ஆண்டு தாண்டினால் மாற்ற வேண்டுமாம். இதையெல்லாம் நாங்கள் புகாராக எழுதியிருக்கவே மாட்டோம்.

ஈயப் பெயிண்ட் இன்னும் மோசம். அமெரிக்காவில் வீடுகளுக்கு அதைத் தடை செய்தது 1978ல். அதற்கு முன் கட்டிய வீடுகளில் பழைய பூச்சு அடியில் இருக்கலாம்; அது உதிர்ந்தால் ஈயம் தூசியில் கலந்துவிடும். குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடிய பிறகு வீட்டைச் சோதிப்பதில் என்ன பயன்? நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரம் 2005ல் ஒரு சட்டம் இயற்றி, வாடகை வீடுகளின் வழக்கமான ஆய்விலேயே ஈயச் சோதனையையும் சேர்த்தது. ஆபத்து அதிகமுள்ள பகுதிகளில் தூசியைத் துடைத்தெடுத்துச் சோதிக்கிறார்கள். என் கணக்கில் முறைவைத்துச் செய்யும் ஆய்வுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

‘யாரோ வந்து வீட்டுக்குள் நோட்டம் விடுவதா’ என்ற பயம் நியாயமானது. 1967ல் காமரா என்பவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: அவசர நிலை தவிர, குடியிருப்பவர் மறுத்தால் நீதிமன்றம் தரும் வாரண்ட் இல்லாமல் உள்ளே வர முடியாது. வழக்காடியவரும் சான் பிரான்சிஸ்கோவில் வாடகைக்கு இருந்தவர்தான். ஆனால் அந்த வாரண்ட் வாங்க உங்கள் வீட்டில் குறை இருப்பதாகக் காட்ட வேண்டியதில்லை. அந்தப் பகுதியில் முறையான ஆய்வு நடக்கிறது என்பதே போதும்.

புதிய விதிகளின் வரைவு கைக்குக் கிடைத்தால் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, ஆய்வுக் கட்டணம். உரிமையாளர் கட்டுவது என்றிருந்தாலும் அது வாடகையில் ஏறலாம். தேறிய வீட்டுக்கு அடுத்த ஆய்வைத் தள்ளிவைத்தால் சுமை குறையும். இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: வீடு குடியிருக்க லாயக்கில்லை என்று சீல் வைத்தால், உள்ளே இருக்கும் குடும்பம் அன்றிரவு எங்கே போகும், செலவு யாருடையது? வரைவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், பொதுக் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் எழுந்து இதை மட்டுமாவது கேளுங்கள்.